பாதிக் கணினி: சிஸ்டம் ஆன் மாட்யூல் போர்டை எழுப்பி வேலை வாங்குவது எப்படி

பாம்பன், மண்டபம் கரைகளில் விசைப்படகு கட்டும் ஆசாரிகள் எஞ்சினைச் செய்வதில்லை. எஞ்சின் எங்கோ ஒரு தொழிற்சாலையில் உருவாகி, மரப்பெட்டிக்குள் அடைபட்டு, லாரியில் வந்து இறங்குகிறது. அது உட்காரும் மேடையை அமைப்பது, தண்டு வெளியே போகத் துளை போடுவது, டீசல் டாங்கிலிருந்து குழாய் இழுப்பது, புகை போக வழி விடுவது, இவைதான் ஆசாரியின் பாடு. தான் எந்தப் படகில் ஏறப்போகிறோம், அந்தப் படகு எத்தனை அடி நீளம் என்பதெல்லாம் எஞ்சினுக்குத் தெரியாது.

சிஸ்டம் ஆன் மாட்யூல் என்று கடையில் விற்பதும் இப்படிப்பட்ட ஓர் எஞ்சின்தான். உள்ளங்கையில் அடங்கும் ஒரு சிறு பலகை. அதில் ப்ராசசர், ராம், கோப்புகளை வைக்க ஈஎம்எம்சி என்னும் நிரந்தர நினைவகம், வெவ்வேறு மின்னழுத்தங்களைப் பிரித்துக் கொடுக்கும் சில்லு, சிலவற்றில் வைஃபையும் சேர்ந்திருக்கும். ஆனால் மின்சாரம் செருக ஓட்டை கிடையாது. யுஎஸ்பி வாய் இல்லை, திரை மாட்ட இடமும் இல்லை. அடிப்பக்கத்தில் நெருக்கமான பின்களைக் கொண்ட கனெக்டர் மட்டும் இருக்கும். அந்தக் கனெக்டர் போய் அமரும் பெரிய பலகைக்குக் கேரியர் போர்டு என்று பெயர். வாய்களும் ஓட்டைகளும் உணரிகளும் அதில்தான் இருக்கின்றன. மாட்யூல் பாதிக் கணினி. கேரியர் மீதிப் பாதி.

ஏன் இப்படி இரண்டாகப் பிரிக்க வேண்டும்? ப்ராசசருக்கும் ராமுக்கும் இடையே ஓடும் தடங்கள் மிக வேகமாகச் செய்தி கடத்துபவை. அவற்றின் நீளம் ஒன்றுக்கொன்று பொருந்தியிருக்க வேண்டும். பல அடுக்குப் பலகையில், நல்ல கருவிகளோடு, பழகிய கைகள்தான் அதை வரைய முடியும். அந்தக் கடினமான வேலையை ஒரு நிறுவனம் ஒருமுறை செய்து ஆயிரக்கணக்கில் விற்றுவிடுகிறது. நமக்கு மிஞ்சுவது மின்சாரம், கனெக்டர், ரிலே என்று நம் ஊர்ப் பொறியாளர் ஒருவரே வரைந்துவிடக்கூடிய எளிய பலகை. நாளை இதைவிட வேகமான மாட்யூல் அதே வடிவில் வந்தால், கேரியரை வைத்துக்கொண்டு எஞ்சினை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

சாதாரண ராஸ்பெரி பை போன்ற ஒற்றைப் பலகைக் கணினி, கட்டி முடித்து வண்ணமும் அடித்த படகு. வாங்கியதும் ஓட்டலாம், ஆனால் அதன் வடிவத்தை மாற்ற முடியாது. ஒரே ஒரு வெப்பநிலையை அளந்து அனுப்புவதுதான் உங்கள் தேவை என்றால் இந்த இரண்டுமே வேண்டாம்; சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஈஎஸ்பி32 என்னும் சிறு கட்டுப்பாட்டுப் பலகை போதும். மாட்யூலைப் பற்றிக் கட்டுரை எழுதுகிறேன் என்பதற்காக எல்லோரையும் மாட்யூல் வாங்கச் சொல்ல மனம் வரவில்லை.

எனக்கு அது தேவைப்பட்டது ஓர் ஐஸ் கம்பெனிக்காக. மண்டபம் பக்கத்தில் படகுகளுக்கு ஐஸ் கொடுக்கும் இடம் அது. கூடவே உறைய வைத்த இறாலையும் கணவாயையும் சேமித்து வைக்கிறார்கள். உறைமீன் அறை பூச்சியத்துக்குக் கீழே 18 டிகிரியிலோ அதைவிடக் குளிராகவோ இருக்க வேண்டும். ஏற்றுமதிக்குச் சரக்கு வாங்குகிறவர்கள் அந்தப் பதிவேட்டைக் கேட்பார்கள். காவலாளி இரண்டு மணிக்கொரு முறை நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். எல்லா வரியிலும் ஒரே எண், ஒரே மையில், ஒரே மூச்சில் எழுதியது போல இருந்தது. இரண்டு அறை, நான்கு வெப்ப உணரி, சுவரில் ஒரு திரை, மாதக்கணக்கில் பதிவு, முதலாளி தன் செல்பேசியிலிருந்து பார்க்க ஒரு பக்கம்: கேட்டது இவ்வளவும். ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். நாட்டுப்படகுகள் மட்டும் கடலுக்குப் போகும். அறைகள் பாதி காலியாகக் கிடக்கும். கை வைப்பதானால் அப்போதுதான் வைக்க முடியும்.

எந்த மாட்யூல்?

நான் எடுத்தது ராஸ்பெரி பை கம்ப்யூட் மாட்யூல் 4. அது 2020 அக்டோபரில் வந்தது. 55 மில்லிமீட்டருக்கு 40 மில்லிமீட்டர். அடியில் 100 பின்கள் கொண்ட இரண்டு கனெக்டர்கள். 2014இல் வந்த முதல் கம்ப்யூட் மாட்யூல் மடிக்கணினி ராம் போல நீளவாக்கில் செருகும் வடிவில் இருந்தது. ஆகவே பழைய கேரியரில் இது அமராது. 2024 நவம்பரில் ஐந்தாவது மாட்யூலும் வந்துவிட்டது. தொடங்குகிறவர் எதை எடுத்தாலும் சரிதான். எழுதிவைத்த உதவிக் குறிப்புகள் நிறையக் கிடைக்கும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதே என் ஒரே நிபந்தனை. ஐ.எம்.எக்ஸ், சிதாரா ப்ராசசர்களைக் கொண்ட தொழிற்சாலைத் தர மாட்யூல்கள் உறுதியானவைதான். முதல் நாளிலேயே அவற்றோடு மல்லுக்கு நிற்க வேண்டாம்.

முதல் மாட்யூலோடு அதே நிறுவனத்தின் ஐஓ போர்டையும் வாங்கிவிடுங்கள். எல்லா வாய்களும் வெளியே தெரியும்படி அமைத்த பயிற்சிக் கேரியர் அது. சொந்தக் கேரியர் வரைவதெல்லாம் பிற்பாடு. எஞ்சின் ஓடுகிறதா என்று கரையிலேயே பார்த்துக்கொண்டு பிறகு படகில் ஏற்றுவதுதான் முறை.

வாங்கும்போது கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. இந்த மாட்யூல் இரண்டு வகையாக வருகிறது. ஈஎம்எம்சி உள்ளது ஒன்று. அது இல்லாத லைட் இன்னொன்று. லைட் வகைக்கு மட்டும்தான் கேரியரில் உள்ள மெமரி கார்டு வாய் வேலை செய்யும். ஈஎம்எம்சி வகையை மாட்டிவிட்டு அந்த வாயில் கார்டைச் செருகினால், ஒன்றுமே நடக்காது. நான் ஒரு மாலை முழுவதும் மூன்று கார்டுகளை மாற்றி மாற்றிச் செருகிப் பார்த்தேன். மூன்றும் நல்ல கார்டுகள்தான்.

மாட்யூலைக் கேரியரில் பொருத்தும்போது ஓரங்களைப் பிடித்துக்கொள்ளுங்கள். இரண்டு கனெக்டரும் நேராக இருக்கின்றனவா என்று பார்த்துச் சமமாக அழுத்தினால் மெல்லிய சத்தத்தோடு உட்காரும். ஒரு பக்கத்தை மட்டும் அழுத்தித் திணிக்கக் கூடாது. இந்தக் கனெக்டர்கள் தினமும் கழற்றி மாட்டுவதற்குச் செய்தவை அல்ல. மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு மட்டுமே தொட வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன், ஆனாலும் சொல்லிவைக்கிறேன்.

முதலில் காது கொடுங்கள்

திரையை மாட்டிப் படம் வருகிறதா என்று பார்ப்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது. என் வேலைமேசையில் திரைக்கு இரண்டாம் இடம்தான். முதலிடம் மூன்று கம்பிகளுக்கு. திரை தெரிய வேண்டுமானால் மாட்யூல் பாதி தூரம் எழுந்திருக்க வேண்டும். எழும்போதே தடுக்கி விழுந்தால் திரை கறுப்பாகவே இருக்கும். எங்கே விழுந்தது என்று அது சொல்லாது. சீரியல் கன்சோல் சொல்லும். மாட்யூல் கண் விழித்த நொடியிலிருந்து தான் செய்வதை ஒவ்வொரு வரியாக வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போகும் வழி அது.

அதற்கு வேண்டியது யுஎஸ்பியிலிருந்து டிடிஎல் சீரியலுக்கு மாற்றும் ஒரு கேபிள். அதன் சமிக்ஞை 3.3 வோல்ட் என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். 5 வோல்ட் கேபிளை மாட்டினால் மாட்யூலின் பின் போய்விடும். பின்னுக்கு மட்டும் தனியாகப் பழுது பார்க்க முடியாது. கேரியரில் உள்ள 40 பின் வரிசையில் 6ஆவது பின் தரை, 8ஆவது பின் மாட்யூல் பேசுவது, 10ஆவது பின் மாட்யூல் கேட்பது. அது பேசும் பின் நம் கேபிள் கேட்கும் கம்பிக்கும், அது கேட்கும் பின் நாம் பேசும் கம்பிக்கும் போக வேண்டும். வயர்லெஸ் செட்டில் ஒருவர் வாய் இன்னொருவர் காதுக்குப் போவது போலத்தான். கேபிளில் இருக்கும் நான்காவது சிவப்புக் கம்பியை அப்படியே விட்டுவிடுங்கள். மாட்யூலுக்கு ஏற்கெனவே கேரியர் மின்சாரம் தருகிறது.

கணினியில் புட்டி, பிக்கோகாம் போன்ற ஒரு டெர்மினல் நிரலைத் திறந்து வேகத்தை 115200 என்று வையுங்கள். ராஸ்பெரி பையில் மட்டும் இந்தக் கன்சோலை இயக்கச் சொல்லி, எழும்போது படிக்கும் அமைப்புகளைக் கொண்ட கான்ஃபிக் கோப்பில் ஒரு வரி எழுத வேண்டியிருக்கும். அந்தக் கோப்பு முன்பெல்லாம் பூட் கோப்புறையில் இருந்தது. 2023இல் வந்த, ராஸ்பெரி பை இயங்குதளத்தின் புக்வோர்ம் பதிப்பிலிருந்து அதற்குள் இருக்கும் ஃபர்ம்வேர் கோப்புறைக்குப் போய்விட்டது. பழைய குறிப்புகளைப் பார்த்துப் பழைய இடத்தில் எழுதிவிட்டு, வேலை செய்யவில்லையே என்று தலையைப் பிய்த்துக்கொள்கிறவர்கள் நிறைய.

கன்சோலில் எழுத்துகளுக்குப் பதில் பெட்டிகளும் கேள்விக்குறிகளும் கலந்து கொட்டினால் வேகம் தவறு. ஒன்றுமே வரவில்லையென்றால் பேசும் கம்பியும் கேட்கும் கம்பியும் இடம் மாறியிருக்கும், அல்லது தரைக் கம்பி சரியாக அமர்ந்திருக்காது. வரிகள் ஓடுகின்றன, நாம் தட்டுவது மட்டும் போய்ச் சேரவில்லை என்றால் நாம் பேசும் கம்பியைப் பாருங்கள். இந்த மூன்றும் தெரிந்தால் முக்கால்வாசிச் சிக்கல் தீர்ந்தது.

இயங்குதளத்தை இறக்குவது

புதிய மாட்யூலின் ஈஎம்எம்சி காலியாக இருக்கும். கார்டைப் போல அதைக் கழற்றிக் கணினியில் செருகவும் முடியாது, பலகையோடு பற்றவைத்தது. அதனால் மாட்யூலையே ஒரு பென்டிரைவ் போல நடிக்க வைக்க வேண்டும்.

ஐஓ போர்டில், ஈஎம்எம்சியிலிருந்து எழுவதைத் தடுக்க என்று ஒரு ஜம்பர் இடம் இருக்கிறது. ஜம்பர் என்பது இரண்டு பின்களை இணைக்கும் சிறு மூடி. அதில் ஜம்பரைப் போடுங்கள். போர்டின் மைக்ரோ யுஎஸ்பி வாயிலிருந்து உங்கள் கணினிக்குக் கேபிள் இழுங்கள். பிறகு போர்டுக்கு 12 வோல்ட் கொடுங்கள். ஈஎம்எம்சியில் எழ வழியில்லாததால் மாட்யூல் யுஎஸ்பி வழியாக யாராவது ஏதாவது தருவார்களா என்று காத்திருக்கும். கணினியில் ஆர்பிஐபூட் என்னும் சிறு நிரலை ஓட்டினால், அது ஃபர்ம்வேர் என்னும் அடிப்படை நிரலில் ஒரு துண்டை மாட்யூலுக்கு அனுப்பும். சில நொடிகளில் ஈஎம்எம்சி ஒரு யுஎஸ்பி வட்டாக உங்கள் கணினியில் தோன்றும். அப்புறம் ராஸ்பெரி பை இமேஜர் மூலம் இயங்குதளத்தை எழுதுவது கார்டில் எழுதுவதைப் போலவேதான். எழுதி முடித்ததும் மின்சாரத்தை நிறுத்தி ஜம்பரைக் கழற்ற மறக்காதீர்கள்.

யுஎஸ்பி வட்டு தோன்றவே இல்லையா? மாட்யூலைக் குறை சொல்வதற்கு முன் கேபிளை மாற்றுங்கள். பழைய செல்பேசியோடு வந்த மைக்ரோ யுஎஸ்பி கேபிள்களில் சில சார்ஜ் செய்ய மட்டுமே ஆனவை. தகவல் போகும் இரண்டு கம்பிகள் உள்ளே இருக்காது. வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. என்னிடம் அப்படி இரண்டு இருந்தன. இப்போது அவற்றில் சிவப்பு நூல் கட்டி வைத்திருக்கிறேன்.

இமேஜரிலேயே பயனர் பெயர், கடவுச்சொல், வைஃபை விவரம் ஆகியவற்றைக் கொடுத்துவிடுங்கள். 2022க்கு முன்பு பை என்ற பெயரில் ஒரு பயனர் தானாகவே இருப்பார். இப்போது கிடையாது. நாம் உருவாக்கவில்லையென்றால் உள்ளே நுழைய ஆளே இருக்காது.

எழுந்திருக்கும்போது என்ன நடக்கிறது?

இப்போது மின்சாரத்தைக் கொடுத்துவிட்டுக் கன்சோலைப் பாருங்கள். ப்ராசசருக்குள் அழிக்க முடியாதபடி பொறித்த ஒரு சிறு நிரல் முதலில் விழிக்கிறது. அதற்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: அடுத்தவரை எங்கே தேடுவது என்பது. அது பூட்லோடரை எழுப்புகிறது. பூட்லோடர் ராமைத் தயார் செய்து, லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கர்னலை அதில் ஏற்றுகிறது. தொழிற்சாலைத் தர மாட்யூல்களில் இந்த இடத்தில் யுபூட் என்னும் பூட்லோடர் வரும். எண்ணிக்கை இறங்கும்போதே ஒரு விசையைத் தட்டினால் நின்று, என்ன வேண்டும் என்று கேட்கும். ராஸ்பெரி பையில் அந்த வேலையைச் செய்வது நிறுவனத்தின் சொந்த ஃபர்ம்வேர்.

பிறகு கர்னல். சதுர அடைப்புக்குள் 0.000000 என்று நேரம் போட்ட முதல் வரி வரும்போது எனக்கு இன்றும் ஒரு சிறு மகிழ்ச்சி. அது வந்துவிட்டால் மின்சாரம் சரி, ராம் சரி, ஈஎம்எம்சியும் அநேகமாகச் சரி. கடைசியாகக் கர்னல் கோப்பு அமைப்பைத் திறந்து, சேவைகளைத் தொடங்கி, பயனர் பெயரைக் கேட்டு நிற்கும்.

இந்த ஓட்டத்தில் ஒரு கேள்வி இருக்கிறது. கேரியரில் என்னென்ன இருக்கின்றன என்பது கர்னலுக்கு எப்படித் தெரியும்? யுஎஸ்பியில் மவுஸைச் செருகினால் நான் மவுஸ் என்று அதுவே அறிவித்துக்கொள்ளும். ஆனால் ஐ2சி என்னும் இரண்டு கம்பிப் பாதையில் தொங்கும் கடிகாரச் சில்லோ உணரியோ அப்படி வாய் திறக்காது. கேட்டால் பதில் சொல்லும். கேட்கிறவர் யாரைக் கேட்கிறோம் என்று முன்பே தெரிந்துகொண்டு கேட்க வேண்டும். எஞ்சினுக்குப் படகு தெரியாது என்று தொடக்கத்தில் சொன்னது இங்கேதான் வந்து நிற்கிறது. ஆகவே பூட்லோடர், கர்னலோடு சேர்த்து ஒரு பட்டியலையும் கையில் கொடுத்து அனுப்புகிறது. இந்தப் பாதையில், இந்த எண்ணில், இன்ன சில்லு இருக்கிறது. அதை இன்ன டிரைவர், அதாவது அந்தச் சில்லோடு பேசத் தெரிந்த நிரல், கவனிக்கட்டும் என்று சொல்லும் பட்டியல். அதற்குப் பெயர் டிவைஸ் ட்ரீ. நம் கேரியருக்கென்று கூடுதலாகச் சேர்க்கும் துண்டுப் பட்டியல் ஓவர்லே.

இதைக் கண்ணால் பார்க்க ஐஓ போர்டிலேயே வழி இருக்கிறது. மாட்யூலில் நேரம் காக்கும் கடிகாரம் கிடையாது. மின்சாரம் போய் வந்தால், இணையம் கிடைக்கும்வரை அது பழைய நேரத்திலேயே நிற்கும். ஐஸ் அறைப் பதிவேட்டில் நேரம் தவறினால் பதிவேடே வீண். ஐஓ போர்டில் ஒரு கடிகாரச் சில்லும் அதற்கு நாணய வடிவ பேட்டரி போட இடமும் இருக்கின்றன. ஆனால் தொடக்கத்தில் கர்னலுக்கு அது தெரியாது.

ஐ2சி பாதையில் யார் யார் இருக்கிறார்கள் என்று தட்டிப் பார்க்க ஐ2சி டிடெக்ட் என்று ஒரு கட்டளை உண்டு. ஓட்டினால் திரையில் கட்டம் கட்டமாக வரிசைகள் வரும். ஒவ்வொரு கட்டமும் ஒரு வீட்டு எண். ஆள் இல்லாத வீடுகளில் இரண்டு சிறு கோடுகள். ஐஓ போர்டின் கடிகாரம் இருக்கும் பாதையில் ஓட்டியபோது எனக்கு எல்லாம் கோடு; ஓரிடத்தில் மட்டும் 51. அந்த வீட்டில் யாரோ இருக்கிறார்கள், பதில் கொடுக்கிறார்கள். ஆனால் யார் என்று கர்னல் கேட்கவில்லை. கான்ஃபிக் கோப்பில் அந்தச் சில்லின் பெயரோடு ஓவர்லே வரியைச் சேர்த்துவிட்டு மறுபடி எழுப்பி, அதே கட்டளையை ஓட்டினேன். 51 இருந்த இடத்தில் இப்போது யு எழுத்து இரண்டு. டிரைவர் அந்த வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டது. இனி வெளியாள் தட்ட முடியாது என்பதற்கு அடையாளம் அது. எண் இருந்த கட்டத்தில் எழுத்து வந்த அந்த ஒரு மாற்றம் டிவைஸ் ட்ரீ பற்றி எனக்குச் சொல்லிக்கொடுத்த அளவுக்குப் பக்கம் பக்கமான விளக்கங்கள் சொல்லித்தரவில்லை.

யுஎஸ்பி கதையும் இதேதான். நான் முதலில் ஈஎம்எம்சியில் எழுதிய பழைய இமேஜில் (இயங்குதளத்தின் முழு நகல்), ஐஓ போர்டில் கீபோர்டு செருகினால் விளக்குகூட எரியவில்லை. மின்சாரத்தை மிச்சப்படுத்த இந்த மாட்யூல் யுஎஸ்பியை அணைத்தே வைத்திருக்கும். இயக்கச் சொல்லி ஒரு வரி எழுத வேண்டும். புதிய இமேஜ்களில் அந்த வரி ஏற்கெனவே இருக்கிறது. போர்டு கெட்டுவிட்டது என்று திருப்பி அனுப்பப் பெட்டியைத் தேடிய பிறகுதான் எனக்கு இது தெரிந்தது.

நிரல் எழுதுவது

வெப்பத்துக்கு நான் எடுத்தது டிஎஸ்18பி20. எஃகுக் குழலுக்குள் அடைத்த, நீர் புகாத வகை எந்த எலெக்ட்ரானிக்ஸ் கடையிலும் கிடைக்கும். ஒரே தகவல் கம்பியில் பலவற்றைத் தொங்கவிடலாம். ஒவ்வொன்றுக்கும் பிறவியிலேயே பொறித்த தனி எண் இருப்பதால் குழப்பம் வராது. தகவல் கம்பிக்கும் 3.3 வோல்ட்டுக்கும் இடையே 4.7 கிலோ ஓம் மின்தடை ஒன்று வைக்க வேண்டும். இதற்கும் ஓர் ஓவர்லே வரி. சேர்த்து எழுப்பினால் 28 என்று தொடங்கும் பெயர்களில் நான்கு கோப்புறைகள் தோன்றும், உணரிக்கு ஒன்றாக.

இங்கே லினக்ஸின் ஒரு நல்ல குணத்தைச் சொல்ல வேண்டும். உணரியைப் படிக்கத் தனி மொழி தேவையில்லை. அந்தக் கோப்புறைக்குள் இருக்கும் கோப்பைச் சாதாரணக் கோப்பைப் போலத் திறந்தால் இரண்டு வரிகள் இருக்கும். முதல் வரியின் முடிவில் யெஸ் என்று இருந்தால் தகவல் பழுதில்லாமல் வந்தது. இரண்டாவது வரியின் முடிவில் ஓர் எண். அது −18250 என்றால் ஆயிரத்தால் வகுங்கள்: −18.25 டிகிரி. பைதான் நிரல் மொழியில் பத்துப் பன்னிரண்டு வரிகளில் முடிந்துவிடும் வேலை இது. அதன் எலும்புக்கூடு தமிழில் இப்படி இருக்கும்:

ஒவ்வொரு நிமிடமும்
— நான்கு கோப்புகளையும் ஒவ்வொன்றாகத் திற
— முதல் வரி யெஸ் என்று முடியவில்லையா, அந்த அளவை விட்டுவிடு
— எண்ணை ஆயிரத்தால் வகு
— நேரம், உணரி எண், வெப்பம் மூன்றையும் நினைவில் வை
ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை
— நினைவில் இருப்பதை மொத்தமாக ஈஎம்எம்சியில் எழுது

ஐந்து நிமிடம் ஏன்? நான்கு உணரி, நிமிடத்துக்கு ஓர் அளவு என்றால் ஒரு நாளைக்கு 5,760 வரிகள். வரிக்கு 40 பைட் வைத்தாலும் ஓராண்டுக்கு 84 எம்பிதான்; இடம் ஒரு பிரச்சினையே இல்லை. ஆனால் ஈஎம்எம்சி எத்தனை முறை எழுதப்படுகிறதோ அந்த அளவுக்குத் தேயும். எழுதிக்கொண்டிருக்கும் அந்த நொடியில் மின்சாரம் போனால் கோப்பும் பழுதாகலாம். சேர்த்துவைத்து எழுதினால் இரண்டு ஆபத்தும் குறையும். மின்சாரம் போனால் ஐந்து நிமிட அளவுகள் இழப்பு. ஐஸ் அறை அதற்குள் உருகிவிடாது.

இயக்கிய மூன்றாம் நாள் முதலாளி போனில் கூப்பிட்டார். சுவர்த் திரையில் 85 டிகிரி என்று காட்டுகிறதாம். "தம்பி, இது ஐஸ் அறையா, இட்லிப் பானையா?" என்று கேட்டார். போய்ப் பார்த்தால் அடிக்கடி சரியாகக் காட்டுகிறது, இடையிடையே மிகத் துல்லியமாக 85. ஏதோ ஓர் எண் வந்திருந்தால் உணரி கெட்டுவிட்டது என்று நினைத்திருப்பேன். ஒவ்வொரு முறையும் அதே 85 வந்ததுதான் துப்பு. டிஎஸ்18பி20க்கு மின்சாரம் வந்ததும் அதன் நினைவில் இருக்கும் தொடக்க மதிப்பே 85 டிகிரி. முழு நுணுக்கத்தில் அளக்க அதற்கு 750 மில்லி நொடி வேண்டும். அதற்குள் மின்சாரம் சற்றுத் தளர்ந்தாலும் அளக்காமலே இருந்துவிடும். கேட்டால் 85 என்று சொல்லும். கேபிள் மிச்சம் பிடிக்க, மின்சாரத்தையும் தகவல் கம்பியிலேயே எடுத்துக்கொள்ளும்படி இரண்டே கம்பியில் இணைத்திருந்தேன். அறையின் மூலைவரை போன நீளக் கம்பியில் அது தாங்கவில்லை. தப்பு முழுக்க என்னுடையது. மூன்றாவது கம்பி இழுத்து மின்சாரத்தைத் தனியாகக் கொடுத்ததும் 85 மறைந்தது. நிரலிலும் ஒரு வரி சேர்த்தேன்: உறைநிலையிலிருந்து ஒரே தாவலில் 85 வந்தால் நம்பாதே, மறுபடி படி.

சி மொழியில் எழுத விரும்புகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. உங்கள் மடிக்கணினியில் கம்பைல் செய்த, அதாவது ப்ராசசரின் கட்டளைகளாக மாற்றிய நிரலை அப்படியே மாட்யூலில் போட்டு ஓட்டினால், வடிவம் தவறு என்று சொல்லி மறுத்துவிடும். மடிக்கணினியில் பெரும்பாலும் இன்டெல் வகை ப்ராசசர், மாட்யூலில் ஆர்ம். இரண்டும் வேறு வேறு கட்டளை மொழி பேசுகின்றன. மடிக்கணினியில் இருந்துகொண்டே ஆர்முக்காகக் கம்பைல் செய்யும் கிராஸ் கம்பைலர் ஒன்றை நிறுவலாம். அல்லது மாட்யூலிலேயே கம்பைல் செய்யலாம். இந்த மாட்யூலுக்கு அந்த வலு உண்டு. யோக்டோ, பில்ட்ரூட் என்று இயங்குதளத்தையே சொந்தமாகச் சமைக்கும் கருவிகளைப் பற்றிக் கேள்விப்படுவீர்கள். நூறு மாட்யூல் விற்கும் நாள் வரும்போது அவற்றைப் படியுங்கள். முதல் மாட்யூலுக்கு அவை வேண்டாம்.

நிரல் மேசையில் ஓடினால் போதாது. மின்சாரம் போய் வந்தால் யாரும் தொடாமல் தானே ஓடத் தொடங்க வேண்டும். லினக்ஸில் சேவைகளைத் தொடங்கிக் கவனிக்கும் சிஸ்டம்டியில் நிரலை ஒரு சேவையாகப் பதிவு செய்தால், மாட்யூல் எழும்போதே அதுவும் எழும். விழுந்தால் மறுபடி தூக்கிவிடச் சொல்லவும் ஒரு வரி உண்டு. இயங்குதளமே உறைந்து நின்றுவிட்டால்? அதற்குத்தான் வாட்ச்டாக். ப்ராசசருக்குள்ளேயே இருக்கும் காவலாள் அது. நான் நலம் என்று சிஸ்டம்டி அதற்கு அவ்வப்போது செய்தி அனுப்ப வேண்டும். இந்த மாட்யூலில் அதிகபட்சம் சுமார் 15 நொடிவரை பொறுமை காக்கும். செய்தி வரவில்லையென்றால் கேட்காமல் கொள்ளாமல் மாட்யூலை மறுபடி எழுப்பிவிடும். மீன் கம்பெனியில் இரவு இரண்டு மணிக்கு நம்மை எழுப்புவதைவிட இது மேல்.

உப்பும் அம்மோனியாவும்

மற்ற ஊர்க்காரர்கள் எழுதும் வழிகாட்டிகளில் இந்தப் பகுதி இருக்காது. பாம்பன் ரயில் பாலத்தின் இரும்பை உப்புக் காற்று என்ன செய்தது என்று நமக்குத் தெரியும். 1914இல் திறந்த பாலத்தில் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தி, 2025 ஏப்ரலில் புதிய பாலத்தைத் திறக்க வேண்டியதாயிற்று. மயிரிழைத் தடங்களைக் கொண்ட பலகை எம்மாத்திரம்! கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் கடையின் ஷட்டர் பூட்டே திறக்க மறுக்கும்.

ஐஸ் கம்பெனியில் உப்போடு இன்னொன்றும் சேர்கிறது. குளிரூட்ட அவர்கள் அடைத்திருப்பது அம்மோனியா. கசிவு மூக்கில் ஏறாத அளவுக்கு மெல்லியதாக இருந்தாலும் செம்பையும் பித்தளையையும் அது விடாது. ஈரத்தோடு சேர்ந்தால் பச்சை பூத்துவிடும். முதல் கேரியரில் பேட்டரி தாங்கியின் காலில்தான் அதை முதலில் பார்த்தேன்.

எனவே மாட்யூலை அறைக்குள் வைக்கவில்லை. கணக்கர் மேசைக்குப் பின்னால், இயந்திர அறையிலிருந்து தள்ளி வைத்தேன். உணரிகளின் கம்பிகள் மட்டும் உள்ளே போகின்றன. ரப்பர் விளிம்புள்ள மூடிய பெட்டி. கம்பி நுழையும் துளைகள் கீழ்ப்பக்கம், அப்போதுதான் வழியும் நீர் உள்ளே வராது. உள்ளே ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று. கேரியரின் மேல் கன்ஃபார்மல் கோட்டிங் என்னும் மெல்லிய பூச்சைத் தெளித்தேன். தெளிக்கும் முன் கனெக்டர்கள் எல்லாவற்றையும் டேப் ஒட்டி மறைத்துவிட வேண்டும். மாட்யூல் அமரும் கனெக்டருக்குள் பூச்சு போய்விட்டால், காற்றோடு மின்சாரத்தையும் சேர்த்துத் தடுத்துவிடும்.

இந்த ஆண்டுத் தடைக்காலத்தில் ஐஓ போர்டைக் கழற்றிவிட்டு, ராமநாதபுரத்து நண்பர் ஒருவர் வரைந்து கொடுத்த சிறிய கேரியருக்கு அதே மாட்யூலை மாற்றினேன். 12 வோல்ட் வாய், உணரிகளுக்கு நான்கு ஸ்க்ரூ கனெக்டர், ஒரு கடிகாரச் சில்லு. வேறு எதுவும் இல்லை. மாட்யூல் சத்தமில்லாமல் எழுந்தது, நான்கு உணரிகளின் அளவும் வந்தது, நேரம் மட்டும் தவறாக இருந்தது. கன்சோலில் பார்த்தால் கடிகாரம் பதில் தரவில்லை என்று ஒரு வரி. மாட்யூல் இன்னும் பழைய படகின் பட்டியலையே கையில் வைத்துக்கொண்டு 51ஆம் வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தது. நண்பர் போட்டிருந்தது டிஎஸ்3231. பாதையும் வேறு. அந்தப் பாதையில் கட்டத்தை வரவழைத்தேன். எல்லாம் கோடு, ஓரிடத்தில் 68. கான்ஃபிக் கோப்பைத் திறந்து சில்லின் பெயரையும் பாதையையும் மாற்றி எழுதி, மறுபடி எழுப்பினேன். 68 போய் இரண்டு யு வந்து நின்றது. மணி மாலை 6.42, சுவர்த் திரையும் அதையே காட்டியது.